எண்ணெய்க் கடை போர்டுக்கு எந்தத் தடித்த எழுத்து?

“பழைய காலத்து போர்டு மாதிரி இருக்கோணும்ங்க. ரோட்டுல போறவனுக்குத் தூரத்துலயே தெரியோணும்ங்க.”

காங்கேயம், வெள்ளகோவில், பெருந்துறைப் பக்கம் புதிதாக மரச்செக்கு போடுகிறவர்கள் டிசைன் வேலை கொடுக்கும்போது சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். போனில் ஒரு படமும் வைத்திருப்பார்கள். எங்கோ பார்த்த காபிக் கடை லோகோ. உருண்டு திரண்டு கொழுத்த ஆங்கில எழுத்து. “இதே மாதிரி தமிழ்ல வேணுமுங்க.”

தமிழிலும் கிடைக்கும், இலவசமாகவே கிடைக்கும். கிடைத்ததை வைத்து ‘எண்ணெய்’ என்று எழுதினால் தூரத்திலிருந்து படிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஈரோட்டில் லேபிளும் போர்டும் டிசைன் செய்து பிழைக்கிறவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எழுத்துருவின் விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் பெயரிலேயே சிக்கலான எழுத்து எதுவோ, அது அந்த எழுத்துருவில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். எண்ணெய்க்காரர்களுக்கு அது மூன்று சுழி ண. அதுவும் ஒன்றல்ல, அடுத்தடுத்து இரண்டு.

போர்டுக்கு ஒரு சட்டம், லேபிளுக்கு ஒரு சட்டம்

கோவை–திருச்சி சாலை, அதாவது தேசிய நெடுஞ்சாலை 81, பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழியாகப் போகிறது. அதன் ஓரத்தில் கடை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. பெயரைப் படித்து, நிறுத்தலாமா என்று ஓட்டுகிறவர் யோசிக்க மூன்று நொடியாவது வேண்டும். அதற்குள் 50 மீட்டர், சுமார் 165 அடி ஓடிவிடும். போர்டுத் தொழிலில் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதன்படி எழுத்தின் உடம்பு மட்டும் 16 அங்குலம் இருக்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மேலும் கீழும் ஒரே கோட்டில் நின்றுவிடும். ‘மரச்செக்கு எண்ணெய்’ அப்படியல்ல: மேலே நான்கு புள்ளி, கீழே கு-வின் வால். அவற்றுக்கும் இடம் விட்டால் ஒரு வரிக்கே இரண்டடி கேட்கும்.

இனி சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948-இன்படி பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலில் வர வேண்டும். வலியுறுத்தப்படும் விகிதம் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2. பாட்டிலில் இது தலைகீழாகிவிடுகிறது. 2020-ஆம் ஆண்டு உணவு லேபிள் ஒழுங்குமுறைப்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, போர்டில் தமிழ் பெரிதாக, ஆங்கிலம் சின்னதாக. லேபிளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு மொழிக்கும் ஒரே கை எழுதியது போன்ற எழுத்து இல்லையென்றால், போர்டைப் பார்த்தவருக்கு மளிகைக் கடையில் உங்கள் பாட்டில் அடையாளம் தெரியாது.

படத்தில் இருக்கும் அந்த ஆங்கில எழுத்து

போனில் காட்டுவது அநேகமாக கூப்பர் பிளாக், இல்லையென்றால் அதன் பங்காளி யாராவது. சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து, 1922-இல் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பகம் வெளியிட்டது. விளம்பரத்துக்கென்றே பிறந்த எழுத்து. 1960, 70-களில் மறுபடியும் உச்சத்துக்கு வந்தது. இன்று ரெட்ரோ என்றால் பலருக்கும் கண்ணில் நிற்பது அந்த இரண்டாம் வரவுதான். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸோடு கூடவே வந்துவிடுவதால் ஊர்ப்பக்க ஜெராக்ஸ் கடைக் கணினியில்கூட இருக்கும்.

அதில் தமிழ் கிடையாது. தட்டினால் கணினி தன் பாட்டுக்கு விண்டோஸில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களான லதாவையோ நிர்மலாவையோ போட்டுவிடும். எழுத்து இளைத்துத் தெரிகிறதே என்று ‘போல்டு’ பொத்தானை அழுத்தி, அதுவும் போதாமல் ஓரத்தில் அவுட்லைன் ஏற்றி ஊதிப் பெருக்குவார்கள். ஆங்கிலம் கொழுகொழுவென்று இருக்க, மேலே தமிழ் வீங்கிப்போய் நிற்கும் போர்டுகளை அவிநாசி ரோட்டில் போய்வந்தால் பார்க்கலாம். திருப்பூரில் ஏற்றுமதி பனியனுக்குக் கழுத்து லேபிள் அடிப்பவருக்குக் கூப்பர் பிளாக் நல்ல தேர்வு. அங்கே தமிழ் தேவையில்லை. தமிழ் முதலில் வர வேண்டிய கடைக்கு இது கதைக்கு ஆகாது.

ஓய்

தமிழில் உண்மையிலேயே கொழுத்த ரெட்ரோ எழுத்து வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் ‘ஓய்’ இருக்கிறது. கோஸ்தாஸ் பார்த்சோகாஸ் என்ற வடிவமைப்பாளருடையது. லத்தீன், கிரேக்கம், சிரிலிக், அரபு, தமிழ் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கனத்தில், ஒரே குறும்போடு வரைந்திருக்கிறார். இதன் பூர்வீகம் கிளாரண்டன் வகை. 1845-இல் ராபர்ட் பெஸ்லி லண்டன் ஃபேன் ஸ்ட்ரீட் வார்ப்பகத்துக்காக வெளியிட்ட, தடித்த பாதம் வைத்த எழுத்து. அந்தக் காலத்து லண்டன் சுவரொட்டிகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்ததில் எழுத்துகள் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போயின. ஓய் அந்தப் பெருக்கத்தை எல்லை வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்த விளையாட்டு.

இதன் பலம் சின்ன வார்த்தைகளில் தெரியும். ‘டீ’ என்று ஒற்றை எழுத்தைப் போட்டுப் பாருங்கள், பார்த்தவுடனே ஒரு டீ குடிக்கத் தோன்றும். ‘பேக்கரி’யும் அப்படியே. ப, ட, ர, ய எல்லாம் நேர்கோடும் திறந்த வாயும் கொண்டவை. எவ்வளவு கனம் ஏற்றினாலும் தாங்கும். கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று ஊரிலும் தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கிறது. அவர்களில் பத்தில் ஒருவர் ஓய் எடுத்தாலும் நம் தெருக்கள் கொஞ்சம் சிரித்த முகமாகும்.

இப்போது ‘எண்ணெய்’ எழுதுவோம். மூன்று சுழி ண-வில் சுழிகள், அதையொட்டி ஒரு வளைவு, கடைசியில் ஒரு கால். கனத்தை ஏற்ற ஏற்ற, கோடு வெளியே பரவ இடமில்லை. பக்கத்து எழுத்து இடிக்கும். உள்ளே பரவுகிறது. சுழிக்குள் இருந்த வெள்ளை முதலில் பொட்டாகிறது, பிறகு கீறலாகிறது. திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அந்தக் கீறல் அழகாகத்தான் இருக்கும். லேபிளில் எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு வரும்போது கீறல் தலைமுடி அளவுக்கு இளைத்துவிடும். பதினைந்து கிலோ டின்னில் ஸ்கிரீன் பிரிண்ட் அடித்தால் மை வழிந்து அதையும் மூடிவிடும். பிறகு அங்கே இருப்பது ண அல்ல, பல்லிடுக்கில்லாத ஒரு கட்டி. இரண்டு கட்டிக்கு நடுவே ஒரு கொம்பு.

போர்டை அக்ரிலிக்கிலோ ஏ.சி.பி. எனும் அலுமினியம் ஒட்டிய தகட்டிலோ வெட்டுவதாக இருந்தால் இன்னொரு சங்கடம். வெட்டுகிற ரூட்டர் இயந்திரத்தின் முனைக்கென்று ஒரு தடிமன் உண்டு. அதைவிடக் குறுகலான கீறலுக்குள் அது நுழையாது. ஆபரேட்டர் கீறலை அகலப்படுத்துவார், இல்லையென்றால் சத்தமில்லாமல் மூடிவிடுவார். அதே சமயம் எல்.இ.டி. வைத்த எழுத்து என்றால் கனமான எழுத்துதான் வசதி. மாட்யூல்களை வரிசையாக அடுக்க உள்ளே இடம் கிடைக்கும், வெளிச்சமும் சீராகப் பரவும். ஆகவே இராத்திரியில் எரிய வேண்டிய ‘டீ’க்கு ஓய்தான் ராஜா. செக்குக்காரர் இதை ஆசைப்பட்டால், வாட்ஸ்அப் முகப்புப் படத்துக்கு ஒற்றை எழுத்தாக எடுத்துக்கொள்ளட்டும். அந்தச் சின்ன வட்டத்துக்குள் முழுப் பெயர் எப்படியும் தெரியப்போவதில்லை.

இன்னொரு குறை: ஓய்க்கு ஒரே ஒரு கனம்தான். லேபிளின் பொடி எழுத்துக்கு வேறு எழுத்துருவைத் தேடியாக வேண்டும்.

பலூ தம்பி

இதுவும் இலவச எழுத்துருதான், மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழு செய்தது. உருண்டையான முனைகள், ஏறக்குறைய ஒரே சீரான கோடு, சாந்தமான முகம். ‘பலூ தம்பி 2’ சாதாரணத்திலிருந்து மிகத் தடிப்பு வரை ஐந்து கனங்களில் வருகிறது. பார்த்தவுடன் ‘1970’ என்று சொல்லாது, உண்மைதான். குழந்தைகள் பொருள் விளம்பரத்தில் அதிகம் புழங்கியதால் சிலருக்கு பிஸ்கட் நினைவு வரும்.

ஆனால் ‘எண்ணெய்’ எழுதினால் சுழிகள் மூச்சு விடுகின்றன. மிகத் தடித்த கனத்திலும் உள்ளே வெள்ளை நிற்கிறது. லேபிளில் ஒரு கனம் குறைத்துக்கொண்டால் இன்னும் தெளிவு. ஆங்கிலமும் அதே கையில் கிடைப்பதால் மேலே சொன்ன இரண்டு சட்டங்களுக்கும் தனியாகத் திண்டாட வேண்டாம்.

கொங்குப் பக்கத்துக்கென்று இதில் ஒரு தனி வசதியும் உண்டு. நம் எண்ணெயும் தேங்காயும் பாலக்காட்டுக் கணவாய் தாண்டிப் போகிறவை. பலூ குடும்பம் ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்கு வரையப்பட்டது. மலையாளத்துக்கு ‘பலூ சேட்டன்’, கன்னடத்துக்கு ‘பலூ தம்மா’. பொள்ளாச்சியிலிருந்து கேரளத்துக்கு லேபிள் அடிக்கிறவர், சத்தியமங்கலம் வழியாக சாம்ராஜ்நகருக்குச் சரக்கு அனுப்புகிறவர் இருவருக்கும் அதே முகம் அந்த மொழியிலும் கிடைத்துவிடுகிறது. ஓய்யில் மலையாளமும் இல்லை, கன்னடமும் இல்லை.

இதே குழுவின் ‘அனேக் தமிழ்’ 2022-இல் வந்தது. கனத்தோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ரெட்ரோ இல்லை என்பதால் பெயருக்கு வேண்டாம். உரிம எண், எடை, முகவரி போன்ற பொடி எழுத்தை நெருக்கி அடிக்க இதைவிட வசதியானதை நான் பார்க்கவில்லை.

ஓய், பலூ தம்பி, அனேக் தமிழ் மூன்றுமே திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், அச்சடிக்கலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்க மட்டும் கூடாது.

ஃபிளெக்ஸ் கடையில் இருக்கும் எழுத்துகள்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றத்தில் செய்த அலங்கார எழுத்துகள் ஒவ்வொரு ஃபிளெக்ஸ் கடையிலும் குவிந்து கிடக்கும். சிலது போர்டு எழுதுகிறவர்களின் கையைப் பார்த்தே செய்தவை. ரெட்ரோ குணம் அவற்றில் தானாகவே இருக்கிறது. தட்டியதைக் ‘கர்வ்’ ஆக மாற்றிவிட்டால் அது வெறும் வரைபடம், எந்த அச்சகத்திலும் உடையாது. ஆனால் பலவற்றுக்கு உரிமையாளர் யார், உரிமம் என்ன என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. பெயரைப் பதிவு செய்து பிராண்டாக வளர்க்க நினைப்பவர் அந்தத் தலைவலியை வாங்க வேண்டாம். பொங்கல் வாழ்த்து பேனருக்கு ஓடட்டும்.

பெயிண்டர்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் போய் நின்று பாருங்கள். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளைப் பாருங்கள். முகப்பில் குலதெய்வத்தின் பெயர், பக்கவாட்டில் ஊர்ப் பெயர், பின்னால் ‘ஒலி எழுப்பவும்’. எல்லாம் தடித்த எழுத்து, எல்லாம் தூரத்தில் தெரியும், ஒன்றிலும் சுழி அடைபட்டிருக்காது.

எப்படி என்று கிட்டத்தில் பார்த்தால் புரியும். சாக்பொடி தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டி மேல் கோடும் கீழ்க் கோடும் அடிக்கிறார். தட்டை பிரஷில் எனாமல் தொட்டு எழுத்தின் உடம்பை இழுக்கிறார். அந்த உடம்பு நாம் நினைக்கிற அளவுக்குத் தடிமனே இல்லை. ண-வின் சுழிகள் தாராளமாகத் திறந்திருக்கும். அது காய்ந்ததும் வேறு நிறத்தை எடுத்து, எழுத்தின் ஒரு பக்க ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ஷேடு கொடுக்கிறார். எழுத்துக்கும் ஷேடுக்கும் நடுவில் அடிநிறம் மெல்லிய கோடாகத் தெரியும்படி இடம் விடுகிறார். அப்போதுதான் எழுத்து திடீரென்று பருத்து, பலகையை விட்டு முன்னால் வந்து நிற்கிறது.

எழுத்தின் கனம் முழுக்க வெளியே இருக்கிறது. உள்ளே ஒரு பிரஷ் நுனி அளவுகூடப் போகவில்லை. லண்டன் சுவரொட்டி எழுத்து உள்நோக்கிக் கொழுத்தது. அவர்களுடைய எழுத்தில் சுழி குறைவு, தாங்கியது. நம் பெயிண்டர்கள் சுழியைத் தொடாமல் வெளிப்பக்கம் கொழுக்க வைத்தார்கள். தமிழில் பழம்பாணி போர்டு வேண்டும் என்று கேட்கிறவருக்கு உண்மையில் வேண்டியது இந்த ஷேடுதான், கொழுத்த எழுத்துருவல்ல என்பது என் அபிப்பிராயம். நம் ஊரில் பழசு என்றால் சிகாகோவின் பழசா, நாமக்கல்லின் பழசா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

பெயிண்டரால் முடிந்து, இன்றைய எழுத்துருக்களில் சுலபமாகக் கிடைக்காத இன்னொன்று பழைய லை. 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கைபோல் மேலே சுழன்ற பழைய வடிவத்தை விட்டன. ணா, றா, னா வகையறாவும் மாறின. அதற்கு முந்தைய போர்டு என்பதற்கு அந்த லை ஒன்றே போதும், வேறு அலங்காரம் தேவையில்லை. கடலை எண்ணெய் விற்கிறவருக்கு வார்த்தையிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் அளவோடு செய்ய வேண்டும். போர்டில் ஒரு இடத்தில் பழைய லை அழகு. லேபிளின் விவரப் பகுதி முழுக்க அப்படி எழுதினால் சின்ன வயதுக்காரர்கள் தடுமாறுவார்கள்.

பெயிண்டரின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆள் கிடைப்பது சிரமம். கிடைத்தாலும் அவர் சொல்லும் ‘நாளைக்கு’ நம் நாளைக்கு அல்ல. ஃபிளெக்ஸ் வந்த பிறகு பல பேர் வீட்டுப் பெயிண்ட் வேலைக்குப் போய்விட்டார்கள். அதே பெயரை இரண்டாவது கிளைக்கு எழுதினால் அச்சு அசலாக வராது. அதனால் போர்டையே எழுதச் சொல்வதைவிட, பெயரை மட்டும் ஒரு அட்டையில் ஒரு அடி உயரத்துக்கு எழுதி வாங்கி, ஸ்கேன் செய்து, கணினியில் எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோடாக இழுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அதற்குமேல் போர்டு, டின், பை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எழுத்து. அவருக்குப் போர்டுக்கான கூலியையாவது கொடுங்கள். அட்டைக்கான கூலி என்று பேரம் பேசாதீர்கள். பிராண்டே அவருடைய கையில்தான் நிற்கப்போகிறது.

சரி, எதை எடுப்பது?

கையில் நேரமும் நல்ல பெயிண்டரும் இருந்தால் பெயிண்டர், யோசிக்கவே வேண்டாம். அடுத்த மாதமே திறப்பு விழா என்றால் பலூ தம்பி மிகத் தடிப்பை எடுத்து, பெயிண்டர் செய்வதையே கணினியில் செய்யுங்கள். கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் 2018 பதிப்பிலிருந்து ‘பிளாக் ஷேடோ’ என்ற கருவி இருக்கிறது. ஷேடை ஒரே இழுப்பில் போட்டுவிடலாம். எழுத்துக்கும் ஷேடுக்கும் இடையில் அந்த மெல்லிய இடைவெளியை விட மறந்துவிடாதீர்கள். அதை விடாமல் ஒட்டிப் போட்ட ஷேடில் எழுத்து மங்கித் தெரியும், கம்ப்யூட்டர் வேலை என்பதும் அப்பட்டமாகத் தெரியும். லேபிளில் ஷேடு வேண்டாம். அந்த அளவில் அது அழுக்காகத்தான் தெரியும்.

பேக்கரிக்காரர், டீக்கடைக்காரர், ஜூஸ் கடைக்காரர் தைரியமாக ஓய்யிடம் போகலாம், பெயரில் ண, ஞ, ஐ, இ நெருக்கமாக இல்லாதவரை. ‘இளநீர்’ என்று எழுத வேண்டியிருந்தால் முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எதை எடுத்தாலும் ஒரு சோதனை. உங்கள் பெயரை நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு எழுத்துருவிலும் ஏ4 தாளில் கறுப்பில் அடித்து, ஜெராக்ஸ் கடையில் கால்வாசியாகச் சுருக்குங்கள். சுருக்கியதை மறுபடியும் ஒரு முறை ஜெராக்ஸ் எடுங்கள். மை பரவி எந்தச் சுழி முதலில் அடைகிறதோ, அந்த எழுத்துரு டின்னிலும் அப்படித்தான் அடையும். பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, எதிர்ச்சாரியில் நின்று, எழுதப் படிக்கத் தெரிந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ‘எண்ணெய்’ என்று அவன் தடையில்லாமல் சொன்னால் சரி. ‘என்னங்ணா இது?’ என்று திருப்பிக் கேட்டால் ஒரு கனம் குறையுங்கள்.

ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பும்போது கர்வ் ஆக்கிய பிரதி ஒன்று, எழுத்தாகவே இருக்கும் மூலப்பிரதி ஒன்று என இரண்டாகக் கொடுங்கள். அச்சகத்தில் பழைய மென்பொருள் இருந்தால் யூனிகோடு எழுத்தைத் திறந்ததும் ஒற்றைக்கொம்பு இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். ‘செக்கு’ம் ‘எண்ணெய்’யும் இரண்டுமே கொம்பு வைத்த சொற்கள். பிரிண்ட் போடுவதற்கு முன் ப்ரூஃபை, அதாவது மாதிரிப் பிரதியை வாங்கி, அந்த இரண்டு கொம்பையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.